சாய்ந்த சக்கரம்

அந்தப் பொட்டலை அளந்த அன்றைக்கே இது உருப்படாத நிலம் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். திருவரங்குளத்துக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவு. காரைமுள்ளும் சூரைமுள்ளும் தவிர ஒன்றும் முளைக்காது. மேலே ஒரு சாண் செம்மண், கீழே செம்பாறை. அந்தப் பாறையும் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று யாருக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் ரேஷன் அரிசியில் அரிசியை விடப் புழு அதிகமாக இருந்த காலம் அது. தரிசையெல்லாம் திருத்திப் பயிர் வைக்கச் சர்க்கார் கிளம்பியது. நாற்பது ஏக்கரைத் துண்டு போட்டு நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஆவணி முடிவதற்குள் உழுது விதைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் திரும்பப் போய்விடும். சங்கிலி பிடித்து அளந்தவன் நான். உழுதாயிற்றா என்று பார்த்து எழுத வேண்டியவனும் நான்தான். புதுக்கோட்டை சர்வே ஆபீசில் என்னைக் 'கோணல் பொறுக்காத ஆத்மநாதன்' என்பார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள், எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கடைசித் துண்டு இரண்டு ஏக்கர். அது சொர்ணம் என்ற பெண்பிள்ளையின் பேரில் இருந்தது. கொல்லுப்பட்டறை மூக்கன் ஆசாரியின் மனைவி. மனு வாங்கிய அன்று ஆசாரி கூச்சப்பட்டுக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் நிற்க, அந்தம்மாதான் முன்னால் வந்து பேசியது.

"பதினெட்டு வருசமா ஊரு கலப்பைக்கெல்லாம் கொழு அடிச்சுக் குடுக்குறோம் ஐயா. நாங்க அடிச்ச கொழு எங்க மண்ணுல ஒருநா எறங்கிப் பாக்கணும். கல்லுத் தரையா இருந்தாலும் சரி, குடுங்க."

அந்த நிலத்தில் நாட்டுக் கலப்பை கீறல்கூடப் போடாது. ஆசாரி வீட்டில் மாடும் கிடையாது. ஆகவே அவர்களுடைய இரண்டு ஏக்கர் முழுக்க முழுக்க டிராக்டரை நம்பி இருந்தது.

டிராக்டர் வந்தது. யுத்தத்துக்காகத் தருவித்து மிஞ்சிப்போன வண்டி. ஓட்டி வந்தவர் ஆவூர் லூர்துநாதன். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வண்டிக்குப் பின்னால் சட்டிக் கலப்பை. வடைச்சட்டி போல இரண்டு பெரிய இரும்புத் தட்டுகள், அவற்றுக்குப் பின்னால் உழுத சாலுக்குள் இறங்கி ஓடுகிற ஒற்றைச் சக்கரம். முதல் நாள் அது மண்ணைப் புரட்டிப் போட்டுக்கொண்டு போனபோது ஊரே வரப்பில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நான் உருப்படாது என்று தள்ளிய மண் உள்ளே அத்தனை சிவப்பாக, அத்தனை ஈரமாக இருந்தது.

முப்பத்தாறு ஏக்கர் தடையில்லாமல் முடிந்தது. புதன்கிழமை மத்தியானம், திருப்பதி என்கிறவரின் துண்டில் பாதி உழுதிருக்கும்போது, 'டணார்' என்று ஒரு சத்தம். டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி விழுந்தன. செம்பாறை. கலப்பையை டிராக்டரோடு பிணைக்கிற தடித்த இழுகம்பி வில்லாக வளைந்துவிட்டது.

லூர்துநாதன் இறங்கி வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"திருச்சிக்கு எழுதிப் போட்டா மாத்துக் கம்பி வரும். ஒரு மாசம் ஆகும். திங்கக்கெழம காலையில வண்டி திருமயத்துல நிக்கணும், உத்தரவு. அப்புறம் இந்த வருசம் இங்கிட்டுத் திரும்பாது."

அடுத்த துண்டு சொர்ணத்துடையது. அந்தம்மா எங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. முகம் செத்துப்போயிற்று. பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னது: "ஏங்க, இதுவும் இரும்புதானே?"

மூக்கன் ஆசாரி குனிந்து கம்பியை நகத்தால் சுண்டிக் கேட்டார். மெலிந்த ஆள், பேச்சும் கம்மி. "வெளிநாட்டு இரும்பு. சத்தம் வேற மாதிரி இருக்கு. பாப்போம்" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை, ஆவூரில் மாதா திருநாள். "தேருக்குப் போகலைன்னா எங்க வீட்டுல சோறு கெடையாது. வெள்ளிக்கெழம விடிய வாரேன். கம்பிய மட்டும் நிமித்தி வைங்க ஆசாரியாரே" என்று சொல்லி, கலப்பையைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு லூர்துநாதன் சைக்கிளில் போய்விட்டார். அவர் போனதுதான் எங்களுக்கு வந்த வினை.

வியாழக்கிழமை முழுக்க நான் பட்டறையில்தான் இருந்தேன். எனக்கும் வேறு வேலை இல்லை. துருத்தியை ஊதியதும் சொர்ணம்தான், சம்மட்டி போட்டதும் சொர்ணம்தான். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்தம்மா சம்மட்டியைத் தூக்கி இறக்கியதைப் பார்த்த பிறகு, சங்கிலி தூக்குகிற என் ஆட்கள் இடுப்பு வலி என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆசாரி ஒரு கையில் குறட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் சின்னச் சுத்தியலால் 'டிங்' என்று தட்டுவார். தட்டிய இடத்தில் சம்மட்டி 'டங்' என்று விழும். தட்டல் நின்றால் சம்மட்டியும் நிற்கும். பேச்சே கிடையாது. எங்கே அடிப்பது, எத்தனை அடி என்பதெல்லாம் சுத்தியலின் பொறுப்பு. சம்மட்டிக்கு யோசனை கிடையாது. உலைக்களத்துச் சட்டம் அது.

சாயங்காலத்துக்குள் இழுகம்பி நிமிர்ந்துவிட்டது. நூல் பிடித்துப் பார்த்தோம். நெல்மணி அளவுகூடக் கோணல் இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சார், இங்கிட்டு வந்து பாருங்க" என்றார் ஆசாரி. "இந்தப் பின்சக்கரமும் அடி வாங்கியிருக்கும் போல. சாஞ்சு கெடக்கு."

பார்த்தேன். சக்கரம் சாய்ந்துதான் இருந்தது. அதைத் தாங்குகிற அச்சுக்கம்பி ஓரிடத்தில் மடங்கியிருந்தது. நான் சும்மா இருந்தேனா? பையைத் திறந்து தூக்குக்குண்டை எடுத்தேன். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினேன். மேல் விளிம்பு விலகி நின்றது.

"சந்தேகமே இல்லை. கோணல்தான். நிமிர்த்திவிடுங்கள்" என்றேன்.

வண்டிச்சக்கரம் சாய்ந்தால் அது குற்றம் என்று ஆயுள் முழுக்கப் பழகிய கண் அவருக்கு. சாய்ந்தது எதைக் கண்டாலும் கை பரபரக்கிற புத்தி எனக்கு. இரண்டும் சேர்ந்துகொண்டன. இருட்டுவதற்குள் அச்சுக்கம்பியைக் கழற்றி, காய்ச்சி, நேராக்கி மாட்டியாயிற்று. சக்கரம் விறைப்பாக நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் லூர்துநாதன் திருநாள் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். கலப்பையை மாட்டி, பட்டறைக்குப் பின்னாலிருந்த தரிசில் இறக்கி இழுத்தார். பத்தடி போவதற்குள் கலப்பை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. சாலை விட்டு வெளியே ஏறி, தரையை வழித்துக்கொண்டு போயிற்று. மறுபடி இறக்கினார். மறுபடி ஏறியது. இறங்கி வந்து பின்னால் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சக்கரத்த என்ன பண்ணுனீங்க?"

"கோணலா இருந்துச்சு. நிமித்திப்புட்டோம்" என்றார் ஆசாரி, இன்னும் பெருமை போகாமல்.

"அட கடவுளே! அது சாஞ்சுதாங்க இருக்கணும். கம்பெனியிலயே சாச்சுத்தான் வச்சிருக்கான். சட்டி ரெண்டும் கலப்பையப் பக்கத்துல தள்ளும். இந்தச் சக்கரம் சால் மூலையில சாஞ்சு முட்டுக் குடுத்தாத்தான் கலப்பை நிக்கும்."

"எம்புட்டுச் சாஞ்சிருக்கணும்?"

"நான் என்னத்தக் கண்டேன்? ஓட்டத் தெரியும். அளந்தா வச்சிருக்கேன்?"

சொர்ணமும் சேர்ந்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போல இருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டவன் எத்தனை விரற்கடை விலகியிருக்கிறது என்று ஒரு விரலை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அளப்பதைப் பிழைப்பாக வைத்திருக்கிற நான், அளந்தே ஆகவேண்டிய ஒன்றை அளக்காமல் விட்டேன்.

மூக்கன் ஆசாரி பட்டறைக்குத் திரும்பி உலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சொர்ணம் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தது. அவர் தொடவில்லை.

"ஒன் நெலத்த நானே தின்னுட்டேன்" என்றார்.

"கூழக் குடிங்க மொதல்ல."

"கண்ணளவுல மடக்கிப் பாக்குற காரியமில்ல இது. முந்தாநாள் அடிபட்டுச்சு, நேத்து ஒரு சூடு காட்டியாச்சு. இன்னும் ஒரே ஒரு சூடு தாங்கும். அதுக்கு மேல போனா விரிசல் விட்டுரும். அளவு தெரியாம எப்படி அடிக்கிறது?"

லூர்துநாதன் வாசற்படியில் உட்கார்ந்து பொரிகடலையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, போகவும் முடியவில்லை. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

சொர்ணம் திடீரென்று கேட்டது. "ஏங்க, வண்டிச்சக்கரம் கோணலா ஓடுதுன்னு ஒருத்தன் வந்தா நீங்க என்ன பண்ணுவீக?"

"தடத்தப் போயிப் பாப்பேன்."

"சக்கரத்தப் பாக்க மாட்டீகளா?"

"சக்கரம் நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. எப்படி ஓடுச்சுன்னு மண்ணுதான் சொல்லும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். கூழ்ச்சட்டி காலில் பட்டுக் கவிழ்ந்தது.

நாங்கள் நான்கு பேரும் பொட்டலுக்கு ஓடினோம். போனால், திருப்பதி கெட்டிக்காரத்தனமாக வியாழக்கிழமையே பரம்படித்து வரகு தெளித்துவிட்டிருந்தார். உழுத நிலமெல்லாம் மட்டமாகக் கிடந்தது. ஒரு சால்கூட மிச்சமில்லை. எனக்கு அழுகையே வந்தது.

"பாறைக்கிட்டப் போகல ஆசாரி. மாடு மிரண்டுச்சு" என்று திருப்பதி கையைக் காட்டினார்.

பாறைக்கு முன்னால் எட்டடி நீளத்துக்கு அந்தக் கடைசிச் சால் அப்படியே கிடந்தது. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். சாலின் அடி மூலையில், சுவரை ஒட்டி, ஒரு பட்டை போலச் சக்கரத்தின் தடம். பூசிய சுவர் மாதிரி வழுவழுப்பு. சாய்ந்து, ஒரே சாய்வில், எட்டடி தூரமும். நாங்கள் அழித்த அளவை மண் பத்திரமாக வைத்திருந்தது. எத்தனையோ வருஷம் பூமியை அளந்திருக்கிறேன். அது தானாகவே ஓர் அளவை எடுத்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

ஆசாரி மண்ணெண்ணெய் டின் தகடு இரண்டையும் கத்திரியையும் கொண்டுவந்திருந்தார். தகட்டின் ஒரு விளிம்பு சாலின் தரையிலும் மறு விளிம்பு சாய்ந்த தடத்திலும் ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அதுதான் அளவு. வைத்துப் பார்ப்பார், ஒரு இணுக்கு நறுக்குவார், மறுபடி வைப்பார். முதல் தகடு அதிகம் வெட்டுப்பட்டு வீணாயிற்று. இரண்டாவதை எடுத்தபோது மழை விழுந்தது.

சாதாரணத் தூறல் இல்லை. சரளைக்கல் மாதிரி விழுந்தது. லூர்துநாதன் சாக்கை விரித்துத் தடத்துக்கு மேலே பிடித்தார். நான் குடையைப் பிடித்தேன். அது இரண்டு முறை திரும்பிக்கொண்டு என்னையே நனைத்தது. மேலே மறைத்து என்ன பயன்? நிலம் மேற்கே மேடு. மேட்டுத் தண்ணீர் அத்தனையும் சேர்ந்து சாலுக்குள் இறங்கத் தொடங்கியது. செக்கச்செவேலென்று நுரையோடு வந்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் தடம் கரைந்துவிடும்.

"மண்ண அள்ளி அணை போடுங்க!" என்று கத்தினேன். திருப்பதி அள்ளிப் போட்ட மண் சேறாகி அதுவும் கூடவே வந்தது.

சொர்ணம் சாலின் மேட்டுப்பக்கத்தில் இறங்கி ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கால் மேட்டைப் பார்க்க, முதுகு சாய்ந்த தடத்தில் ஒட்ட, சேலைத் துணியை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, அந்தச் சாலுக்கு அந்தம்மாவே மடையாகிவிட்டது. தண்ணீர் அதன் இடுப்பு வரை தேங்கி, கரை மீறி வேறு பக்கம் வழிந்தது. கீழே ஐந்தடித் தடம் தப்பி நின்றது.

"ஏ புள்ள, ஏந்திரி! நெஞ்சுல தண்ணி ஏறுது!" என்றார் ஆசாரி.

"நீங்க வெட்டுங்க."

"குளுருமேடி."

"வெட்டுங்கன்னா!"

அவர் வெட்டினார். வைத்தார், நறுக்கினார், வைத்தார். ஐந்தடியில் ஏழு இடத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு இடத்திலும் தகடு அச்சாக உட்கார்ந்தது. அரை மணிக்குக் குறையாது. அந்த அரை மணியும் சொர்ணம் அசையவில்லை. கண்ணைமட்டும் மூடியிருந்தது. ஒரு வெள்ளாமை பார்க்காத மண்ணுக்காக ஒரு மனுஷி இப்படிக் கிடப்பாளா?

"ஆச்சு" என்றார் ஆசாரி. நாங்கள் கையைக் கொடுத்துத் தூக்கினோம். அந்தம்மா எழுந்ததும் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் போய்த் தடத்தைத் துடைத்துவிட்டது.

சனிக்கிழமை வெயில் வெளுத்திருந்தது. கரியெல்லாம் ஈரம். காயவைத்து உலை மூட்ட மத்தியானமாகிவிட்டது. சொர்ணத்துக்கு லேசான காய்ச்சல். அப்படியும் சம்மட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. துருத்திக்கு லூர்துநாதன் உட்கார்ந்தார்.

"ஒரே சூடுதான்" என்றார் ஆசாரி. "நெருப்பா இருக்குறப்ப தகட்ட வச்சுப் பாக்க நேரமிருக்காது. பாத்து முடிக்கிறதுக்குள்ள சூடு எறங்கிரும். தகட்டக் கண்ணுக்கு நேரா மாட்டி வைக்கிறேன். அதப் பாத்துக்கிட்டே தட்டுறேன். கூடிப்போனாலும் போச்சு, கொறஞ்சுபோனாலும் போச்சு."

அச்சுக்கம்பி பழுத்தது. சிவப்பு போய் மஞ்சளாகும் தருணத்தில் உருவி எடுத்துப் பட்டறைக் கல்லின் விளிம்பில் வைத்தார். டிங், டங். டிங், டங். கம்பி வெண்ணெயாக இறங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்பது. பத்து. பதினொன்று. ஆசாரி தகட்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பன்னிரண்டாவது முறை தட்டினார்.

சம்மட்டி விழவில்லை.

சொர்ணம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது.

"அடி!"

"போதுங்க."

"அடிங்கிறேன்ல! சூடு எறங்குது!"

"போதும்."

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பட்டறையில் நடக்காத காரியம். ஆசாரியின் முகம் உலையை விடச் சிவந்துவிட்டது. சின்னச் சுத்தியலை ஓங்கினார். அதற்கு அந்தக் கம்பியை அசைக்கிற பலம் கிடையாது, அவருக்கும் அது தெரியும். எங்கள் கண்ணெதிரே கம்பி மங்கி, சாம்பல் பூத்து, கறுத்தது. இரண்டு ஏக்கரும் போயிற்று என்று நான் தலையைத் தொங்கப் போட்டுவிட்டேன். லூர்துநாதன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கம்பி ஆறுகிற வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆறியதும் அச்சை மாட்டிச் சக்கரத்தைக் கோத்தார்கள். ஆசாரி தகட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், எனக்குக் கண்ணு இருட்டுது. நீங்க பாருங்க" என்றார்.

நான் கீழே படுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். தகடும் சக்கரமும் ஒட்டி நின்றன. நடுவில் மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. எத்தனை நேரம் படுத்திருந்தேனோ, லூர்துநாதன் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். "ஒட்டிடுச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. "பூசைக்குப் போகாம டிராக்டர் ஓட்டுறேன். மாதா மன்னிப்பா" என்றபடி லூர்துநாதன் வண்டியைக் கிளப்பினார். திருப்பதியின் துண்டில் மீதியிருந்த பாதியை முதலில் ஓட்ட வேண்டியது முறை. ஆனால் அவரே குறுக்கே நின்றுகொண்டார். "எம்மிச்சத்த நான் மம்பட்டியால கொத்திக்குறேன். மொதல்ல அந்தம்மா நெலத்துக்குப் போங்க."

கலப்பை இறங்கியது. சட்டிகள் மண்ணைப் புரட்டின, சக்கரம் சால் மூலையில் சாய்ந்து முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓடியது. ஒரு விரற்கடை விலகவில்லை. சொர்ணம் கடப்பாரையோடு டிராக்டருக்கு முன்னால் நடந்தது. குத்திப் பார்க்கும், பாறைச் சத்தம் கேட்டால் கையைக் காட்டும், லூர்துநாதன் ஒதுக்கி ஓட்டுவார். வெயில் சாய்வதற்குள் இரண்டு ஏக்கரும் சிவந்து கிடந்தது. பாறைத் திட்டு நாலைந்தைத் தவிர மிச்சமில்லை. நான் 'உழுதாயிற்று' என்று எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு கோணலாக வந்ததில்லை.

வரப்போரம் மூக்கன் ஆசாரி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நேற்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"நான் தட்டுனேன். நீ ஏன் அடிக்கல?"

அந்தம்மா காலில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டே சொன்னது. "நேத்து முந்தாநாளெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. அந்தச் சால்ல அரை மணி நேரம் சாஞ்சு கெடந்தேன்ல, அந்தச் சாய்வு முதுகுலயே நிக்கிது. நிமிந்து படுத்தாலும் அப்படித்தான் தெரியுது. சம்மட்டி போடப் போடக் கம்பி எறங்கிக்கிட்டே வந்துச்சா, எறங்கி எம்முதுகு நின்ன எடத்துக்கு வந்துருச்சு. அதுக்கு மேல அடிக்கக் கை எழும்பல. அம்புட்டுத்தான்."

ஆசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் அந்த நிலத்தில் வரகு விளைந்தது. அதற்குப் பிறகும் எல்லைக்கல் நடுவதற்கும் மற்றதற்குமாக நான் நாலைந்து தரம் அந்த ஊருக்குப் போனேன். போகிறபோதெல்லாம் பட்டறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். மூக்கன் ஆசாரி சின்னச் சுத்தியலால் தட்டுவார். தட்டிவிட்டு, கண்ணிமைக்கிற நேரம், மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சம்மட்டி இறங்கும்.